பூச்சு இல்லாத சான்று

கேள்வி: பழைய அமெரிக்க ஸ்பேனர் ஒன்று கிடைத்தது. 'பிளாம்ப்' என்று பொறித்திருக்கிறது. குரோம் பூச்சையே காணோம். யாரோ என் தலையில் மட்டச் சரக்கைக் கட்டிவிட்டார்களா?

பதில்: குரோமியம் போருக்குப் போயிருக்கும்போது ஸ்பேனரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா குரோமியத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அப்போது பல கருவிகள் குரோம் பூச்சில்லாமலே வெளிவந்தன. பெயரும் வயது சொல்லும்: 'பிளம்ப்' என்ற இன்னொரு கருவி நிறுவனம் வழக்குத் தொடுத்ததால், லாஸ் ஏஞ்சலிஸ் பிளாம்ப் 1940-களின் இறுதியில் 'புரோட்டோ' ஆகிவிட்டது.

பளபளப்பாக்க நினைத்து கிரைண்டரில் மட்டும் பிடிக்காதீர்கள். முத்திரை தேய்ந்தால் மதிப்பும் தேயும். துடைத்து, எண்ணெய் பூசினால் போதும்.