பள்ளத்துக்கேற்ற பட்டன்

சின்னக் காருக்கு ஆல் டெரைன் டயர் மாட்டுகிறவரை முன்பெல்லாம் பார்த்தால், காசு அதிகமாகிப்போன பையன் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். ஜீப்புக்கும் ஜிப்சிக்கும் உரிய டயர் அது. இன்று அதைக் கேட்டுக் கடை ஏறுகிறவர்கள் வேறு ஆட்கள். வங்கி எழுத்தர், பள்ளி ஆசிரியை, பேத்தியை டியூஷனில் விட்டுக் கூட்டிவரும் ஓய்வுபெற்ற தாத்தா. இவர்கள் போகவேண்டிய இடம் காடோ மலையோ இல்லை. வேளச்சேரி, மடிப்பாக்கம், போரூர், கொளத்தூர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கம்பெனி கொடுத்த டயரே போதும். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரத்தான் போதவில்லை. அரசாங்கம் தன் பங்குக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டது. அதற்கேற்ற டயரைத் தேடுவது குடிமகனின் பங்கு.

டயர் வாங்கும் முன் நிலத்தை அறிய வேண்டும். தமிழனுக்கு இதில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுக்கத்தையும் வகுத்துவைத்த பரம்பரை. அந்த ஐந்தும் இன்று ஒரே வார்டுக்குள் கிடைக்கின்றன.

குறிஞ்சி என்பது வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் அதற்கு வகுத்த அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும் என்பது எண்ணம். நம் தெருவில் அகலத்தில் சிக்கனம் பிடித்து உயரத்தில் தாராளம் காட்டியிருப்பார்கள். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. தலை கூரையில் இடித்த பிறகுதான் மலை தெரியும். ஆல்டோ 800-இன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 160 மில்லிமீட்டர். அதுவும் காலி வண்டிக்கு. பின்சீட்டில் மாமனார் மாமியார், டிக்கியில் ஒரு மூட்டை அரிசி என்றால், குறிஞ்சிக்கு உரிய புணர்தல் வண்டிக்கும் சாலைக்கும் இடையே நடந்தே தீரும்.

மருதம் மழைக்காலத்தில் பிறக்கும். தேங்கிய தண்ணீரில் ஊர்மக்களே நாற்று நட்டுப் போராட்டம் நடத்தும் அளவுக்கு வளமான நிலம். இதன் ஒழுக்கம் ஊடல். "அது எங்க ரோடு இல்லீங்க, ஹைவேஸ்" என்று மாநகராட்சி சொல்லும். நெடுஞ்சாலைத் துறை குடிநீர் வாரியத்தைக் கை காட்டும். வாரியம், குழாய் பதித்து எப்போதோ முடித்தாயிற்று, 'ரோடு கட்' கட்டணமும் கட்டியாயிற்று என்று ரசீதை நீட்டும். கேபிள்காரன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து வெட்டிவிட்டுப் போனதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெற்றவர் எவரும் ஒப்புக்கொள்ளாத பிள்ளை மாதிரி பள்ளம் மட்டும் நடுத்தெருவில் உட்கார்ந்து வளர்ந்துகொண்டிருக்கும்.

நெய்தல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திறந்து கிடக்கும் வடிகால், பக்கத்தில் சாய்ந்த தடுப்பு, இரங்கல்.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, மற்ற நிலம் கெட்டால் பாலை என்பது இலக்கணம். சென்னையில் அப்படிக் கெடுப்பதற்கு ஓர் இயந்திரமே இருக்கிறது. பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி, வீட்டு வாசல்கள் எல்லாம் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. ஆகவே பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். நியாயமான உத்தரவு. அதில் சுரண்டுகிற பாதியைச் சுறுசுறுப்பாக நிறைவேற்றுகிறார்கள். மீதிப் பாதிதான் முல்லை: காத்திருத்தல். டெண்டர் வரும், மழை வரும், தேர்தல் வரும், தார் வராது. தலைவர் யாராவது வருகிறார் என்றால் மட்டும் ஒரே ராத்திரியில் வரும். அவர் கார் எந்த முனையில் திரும்புகிறதோ அந்த முனையோடு தாரும் திரும்பிவிடும்.

சரி, நிலம் தெரிந்தது. கடைக்குப் போகலாம்.

கடையில் மூன்று ரகம் சொல்வார்கள். எச்.டி. தார்ச்சாலைக்கு. எம்.டி. சேற்றுக்கு. நடுவில் நிற்கும் ஏ.டி. இரண்டும் கலந்த பாதைக்கு. இதன் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அதிகம். சேறும் ஜல்லியும் சிக்கிக்கொள்ளாமல் வெளியே தெறித்துவிடும். பக்கச்சுவரும் தடிமன். விலை கூடியவற்றில் மூன்று சிகரமுள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும்; பனி மூடிய சாலையில் சோதித்துத் தேறியதற்கான முத்திரை அது. சென்னைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த ஊர்ச் சாலையில் இதுவரை யாரும் டெண்டர் விடாத இடையூறு பனிப்பொழிவு ஒன்றுதான்.

அளவில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். ஆல்டோ 800-க்குக் கம்பெனி போட்டுத் தந்தது 145/80 ஆர் 12. பன்னிரண்டு அங்குலத்தில் ஏ.டி. கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். டயர் கம்பெனிகளின் கணக்கில் ஏ.டி. என்பது பெரிய எஸ்.யூ.வி. வைத்திருப்பவரின் வார இறுதிப் பொழுதுபோக்கு. தினமும் காலையில் அலுவலகம் போவதற்கே ஒருவனுக்குக் காட்டுப்பாதை டயர் தேவைப்படும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே ரிம்மையும் மாற்ற வேண்டும். 13 அங்குல ரிம், 155/80 டயர் என்று வைத்துக்கொள்வோம். பழைய டயரின் விட்டம் சுமார் 537 மில்லிமீட்டர், புதியது 578. நாற்பத்தொன்று கூடுகிறது. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான். ஸ்பீடாமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 64-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசலாம். கனம் கூடியதால் மைலேஜ் இறங்கும், 800 சிசி இன்ஜின் மேட்டில் முனகும், ஈரத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளலாம். இத்தனையும் 20 மில்லிமீட்டருக்காக. பள்ளம் வெட்டுகிறவர்கள் சாண் கணக்கில் வெட்டுகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது கட்டைவிரல் அகலம்.

"ஏ.டி. போட்டா பள்ளம் தெரியாதுல்ல?"

"தெரியும் சார். சத்தம் மட்டும் மாறும்."

நேர்மையான கடைக்காரர். சின்னக் காருக்கு உண்மையில் உகந்தது என்னவென்றால், அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே அனுமதித்த அளவு, உயரமான பக்கச்சுவர், வாராவாரம் சரிபார்த்த காற்று. பெரிய ரிம் போட்டு டயரை வளையல் மாதிரி ஒல்லியாக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பள்ளத்தில் ஒருமுறை இறங்கினால் உள்நூல் அறுந்து பக்கச்சுவரில் கொப்புளம் கிளம்பும். வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும், பழைய சரக்கைத் தள்ளிவிடுவார்கள். ஐந்தாறு ஆயிரம் ரூபாய் டயருக்குப் பிறந்த வாரம் வரை எழுதிவைக்க வேண்டும். கோடிக்கணக்கில் பில் போட்ட ரோட்டில், யார் போட்டது, எப்போது போட்டது, எத்தனை வருடம் அவர் பொறுப்பு என்று ஒரு ஓரத்தில்கூட எழுதியிருக்காது.

இதில் ஒரு கொடுமையான அழகும் உண்டு. நாட்டின் டயர் தொழிலில் பெயர் பெற்ற மண் இது. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய இடம்தான் எம்.ஆர்.எஃப். ஆனது. அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று வரிசையாக டயர் ஆலைகள். டயரைச் சோதிக்க உலகமெங்கும் கம்பெனிகள் காசைக் கொட்டி மேடும் பள்ளமுமாகத் தனித் தடம் கட்டுகின்றன. இங்கே ஆலையின் கேட்டைத் தாண்டினால் போதும். சோதனை ஓட்டுநர்களாக நாம் இருக்கிறோம், சம்பளமில்லாமல். தவறு, சம்பளம் நாம் கொடுக்கிறோம். தமிழ்நாட்டில் 5 லட்ச ரூபாய்க்குள் புதுக் கார் வாங்கினாலும் 12 சதவீதம் வாழ்நாள் வரியாக முன்கூட்டியே எடுத்துக்கொள்வார்கள். குழாயில் நல்ல தண்ணீர் வராதபோது கேன் வாங்கினோம். மின்சாரம் நிற்காத நாளில்லை என்றபோது இன்வெர்ட்டர் வாங்கினோம். ரோட்டையும் கடையில் வாங்கி நான்கு சக்கரத்திலும் சுற்றிக்கொண்டு வா என்கிறார்கள், வாங்குகிறோம்.

வாங்கியதும் சட்டம் வந்து நிற்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இருசக்கர வாகனத்துக்கு 0.8. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அளக்கத் தெரிந்த அரசாங்கம் நம்முடையது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் வரத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கம்பெனியின் அளவீட்டிலிருந்து விலகும் மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொன்னது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி 182ஏ பிரிவில் தண்டனையும் வைத்தார்கள். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும்.

சரி, சட்டம் என்றால் அப்படித்தான். ஆனால் அதே திருத்தத்தில், கொஞ்சம் தள்ளி, 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலையை அமைக்கவும் பராமரிக்கவும் பொறுப்பேற்ற அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ ஆலோசகரோ தரத்தைக் காற்றில் விட்டு, அதனால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். சிறை என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. அபராதமும் செத்தவர் வீட்டுக்கு நேராகப் போகாது. விபத்து நிதிக்குப் போகும். வகுத்துப் பாருங்கள். அனுமதியில்லாத இருபது மாற்றங்கள் செய்த ஒரு கார், பள்ளத்தில் விழுந்து போன ஓர் உயிர், இரண்டுக்கும் ஒரே விலை. பள்ளத்திலிருந்து தப்பிக்க வண்டியை உயர்த்தியவன் உள்ளே போகலாம். பள்ளத்தை வைத்திருந்தவன் போகவேண்டியதில்லை.

எண்ணிக்கை தெரியாமல் எழுதிய விலை அல்ல இது. 2013 முதல் 2017 வரை பள்ளங்களால் மட்டும் இறந்தவர்கள் 14,926 பேர் என்ற கணக்கு 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. எல்லையில் கொல்லப்பட்டவர்களைவிடவும் இது அதிகமாக இருக்கக்கூடும் என்று நீதிபதிகள் நொந்துகொண்டார்கள். எட்டு மாதம் கழித்து நாடாளுமன்றம் கூடி, தலைக்கு ஒரு லட்சம் என்று எழுதியது. அதுவும் 'வரை'.

இந்த டயர்ப் பேச்சே காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவனின் பேச்சு என்பதையும் சொல்லியாக வேண்டும். கார் பள்ளத்தில் இறங்கினால் ஆளைக் குலுக்கும், காசைப் பிடுங்கும். ஸ்கூட்டர் இறங்கினால் ஆளைத் தூக்கி எறியும். பின்னால் தண்ணீர் லாரி வந்துகொண்டிருக்கும். மறுநாள் பத்திரிகையில் 'நிலை தடுமாறி விழுந்து' என்று எழுதுவார்கள், ஏதோ அவருக்குத் தலைசுற்றல் வந்தது போல. பின்சீட்டில் பையை மடியில் வைத்து ஒருக்களித்து உட்கார்ந்துபோகும் பெண்ணுக்கு எந்தக் கம்பெனி ஏ.டி. டயர் செய்திருக்கிறது?

198ஏ பிரிவைக் கடைசி வரி வரை படித்தவர்களுக்கு இன்னொரு நுணுக்கமும் தெரிந்திருக்கும். சாலைக்குப் பொறுப்பானவர் தவறினாரா என்று முடிவுசெய்யும்போது நீதிமன்றம் சில விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். சாலையைப் பயன்படுத்துகிறவர்கள் அது எந்த நிலையில் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் என்பது அதில் ஒன்று. இப்போது உங்கள் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு உடைந்து, கட்டுப்போட்டு, நீதிமன்றம் வந்திருக்கிறீர்கள். ஒப்பந்தக்காரரின் வக்கீல் எழுந்து ஒரு பில்லை நீட்டுகிறார். "கனம் நீதிபதி அவர்களே, இவர் சேற்றிலும் ஜல்லியிலும் பாறையிலும் ஓடுகிற டயரை, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து வாங்கியிருக்கிறார். சாலை எப்படி இருக்கும் என்று இவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான் கிடைத்திருக்கிறது."

ஆகவே டயரை வாங்கினாலும் பில்லை வாங்காதீர்கள். வாங்காவிட்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏய்ப்பு ஆகிவிடும். அதைக் கண்டுபிடிக்க மட்டும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்; அவர்கள் வரும் அன்றைக்கு ரோடும் நன்றாகவே இருக்கும்.