ஆக்டா அங்கிள்

மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் எந்தக் குடியிருப்புத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஓர் ஆக்டா அங்கிள் இருப்பார். செங்கிலும் இருப்பார், பாயா ரும்புட்டிலும் இருப்பார். தஞ்சோங் மிஞ்ஞாக் பக்கம் லோரோங்குக்கு இரண்டு பேர் என்று கேள்வி. அப்பா அம்மா வைத்த பெயர் ஐசியில் பத்திரமாக இருக்கிறது. புழக்கத்தில் இருப்பது இதுதான். யாராவது பட்டாசு என்று வாயெடுத்தால் போதும், "ஆக்டா பஹான் லெத்துப்பான் 1957, செக்‌ஷன் நாலு, சப்-செக்‌ஷன் ரெண்டு" என்று வெடிபொருள் சட்டம் கந்த சஷ்டி கவசம் மாதிரி கடகடவென்று வரும்.

பகோடா பனியன், கட்டம் போட்ட கைலி, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் கண்ணாடி. பால்மரம் வெட்டிய குடும்பம். தோட்டத்தை விட்டு வந்து, தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதருக்கு ஒரு பிடிப்பு வேண்டுமில்லையா? சிலர் கோயில் கமிட்டியில் சேர்கிறார்கள், சிலர் நம்பர் எழுதுகிறார்கள். இவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். எல்லாச் சட்டமும் இல்லை, பட்டாசுச் சட்டம் மட்டும். மற்ற சட்டங்களை மீறுகிறவர்கள் கோலாலம்பூரிலோ பேப்பரிலோதான் இருக்கிறார்கள். இதை மீறுகிறவன் பக்கத்து வீட்டில் இருக்கிறான், குரலும் கேட்கிறது.

அவர் சொல்வதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் தொல்லை. உரிமம் இல்லாமல் பட்டாசு தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ கையில் வைத்திருந்தாலோ 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கொளுத்திப் போடுகிறவனுக்கு 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது: 100 வெள்ளி வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. பாப்-பாப், ஹேப்பி பூம் என்ற இரண்டுக்கு மட்டும்தான் அனுமதி என்று போலீஸ் பண்டிகைக்குப் பண்டிகை நினைவூட்டியே களைத்துப்போனது. பாப்-பாப் என்பது வெங்காயவெடிக்குப் பேத்தி முறை. தரையில் எறிந்தால் 'டப்' என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்கும்.

"இதெல்லாம் ஒரு வெடியா? கைவிரலைச் சொடுக்கினாகூட இதைவிடச் சத்தம் வரும்லா" என்பார் ஆக்டா அங்கிள். சொல்லும்போதே ஒரு கணக்கும் ஓடும். "அபராதம் நூறு வெள்ளி. ஒரு கேக் வெடிப் பெட்டி நூத்தம்பது வெள்ளி. அப்ப எது தண்டம், நீயே சொல்லு தம்பி."

சட்டம் அவரிடம் ஆண்டுக்கு மூன்று முறை மூன்று விதமாக நடந்துகொள்ளும். சீனப் பெருநாளில் அது தூக்கம் சம்பந்தப்பட்டது. பெருநாள் இரவைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார். எட்டாம் நாள் முடிந்து ஒன்பது பிறக்கும் நள்ளிரவு ஒன்று இருக்கிறதே, ஹொக்கியன் குடும்பங்கள் வாசலில் மேசை போட்டு, முழுக் கரும்பு இரண்டைக் கட்டி நிறுத்தி, ஜேட் பேரரசருக்குப் பிறந்தநாள் கொண்டாடும் இரவு, அன்றைக்குத்தான் செக்‌ஷன் நாலு முழு வேகத்தில் வெளிவரும். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வெடியையும் எண்ணுவார். "பாலாய்க்கு போன் போடப் போறேன்" என்பார், போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஆண்டி போர்வையை இழுத்துக்கொண்டு, "போடுங்களேன்" என்பார். காலையில் எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் ஆப்பேக் ஒரு பை ஆரஞ்சோடு வந்து நிற்பார். ஆரஞ்சு இனிப்பாக இருக்கும். போன் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

நோன்பு மாதத்தில் சட்டம் அறிவியலாக மாறிவிடும். தராவீஹ் முடிந்ததும் பக்கத்துக் கம்போங்கில் பையன்கள் கார்பைட் பீரங்கி போட ஆரம்பிப்பார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். "அசிட்டிலின் கேஸ் அது, விரல் போயிடும்" என்று அங்கிள் வருந்துவார். அந்த வருத்தம் உண்மையானது. ஒவ்வொரு நோன்புக்கும் எங்காவது ஒரு பையன் விரல் இழந்த செய்தி வரத்தான் செய்கிறது. ஆனால் பீரங்கி வைத்திருப்பது அந்தக் கம்போங் பெரியவர் பாக் ஹாஜியின் பேரன். பாக் ஹாஜி வீட்டு லெமாங்கும் ரெண்டாங்கும் பெருநாள் காலையில் மூடிபோட்ட பாத்திரத்தில் வந்து சேரும்.

தீபாவளிக்குச் சட்டமே கிடையாது. அன்றைக்கு அது கலாச்சாரம். "நரகாசுரன் செத்ததுக்கு பாப்-பாப் போட்டா அவனுக்கே அவமானம்லா" என்பது அவருடைய தீர்ப்பு.

இந்த மனிதரைச் சந்தர்ப்பவாதி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் தீபாவளி வெடி சீனன் கடையில் 555 புத்தகத்தில் எழுதி வாங்கியது. லயத்துக்கு முன்னால் பரந்த வெளி. சரம் நீளமாக விரித்து ஒரு முனையில் ஊதுபத்தி வைத்தால் மறுமுனை வரும்வரை ஓடிப் பிடித்து விளையாடலாம். இப்போது அந்த வெளி 20 அடி அகலத்து வீட்டின் கார் போர்ச்சாகச் சுருங்கிவிட்டது. போர்ச்சில் ஒரு மைவி நிற்கிறது, மேலே துணி காய்கிறது, பக்கத்தில் கேஸ் தோம்பு. ஆள் மாறவில்லை, வாசல்தான் மாறியது.

சுங்கை பூலோவையும் அவர் மறக்கவில்லை. 1991 மே 7, பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறிய நாள். 26 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாட்டில் பட்டாசின் மீது பிடி இறுகியது. அந்தச் செய்தி வந்த தமிழ்ப் பத்திரிகைத் துண்டு அவரிடம் லேமினேட் செய்யப்பட்டு இருக்கிறது. எடுத்துக் காட்டும்போது குரல் இறங்கிவிடும். "வேலைக்குப் போன பிள்ளைங்க தம்பி" என்பார். அரை நிமிடம் பேச்சே இருக்காது. பிறகு துண்டை சாமி அறை இழுப்பறையில் வைக்கப் போவார். அதே இழுப்பறையில்தான் இந்த ஆண்டு ராக்கெட் கட்டும் இருக்கும்.

பெட்டி வரும் விதம் தனிக் கலை. பசார் மாலாமில் கச்சான் வாங்கப் போகிறவர் போலப் போவார். ஒரு பையன் காரின் பின்கதவை ஒரு சாண் திறப்பான். பெட்டி மைலோ அட்டைப்பெட்டிக்குள் இறங்கும், அதன்மேல் இரண்டு கட்டுக் கீரை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, பாக்குவெட்டியால் டேப்பைக் கீறிப் பிரிப்பார். பெட்டி முழுக்கச் சீன எழுத்து. சட்டம் தெரிந்தவர் எச்சரிக்கையைப் படிக்காமல் கொளுத்துவாரா? பெட்டியை அதே மைலோ அட்டைக்குள் வைத்து ஆப்பேக்கிடம் எடுத்துப் போவார். ஆப்பேக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்தின் மேல் விரலை ஓட்டி, "செப்புலு மீட்டர்" என்பார். பற்றவைத்ததும் பத்து மீட்டர் தள்ளி நிற்கவேண்டும்.

பத்து மீட்டர் என்றால் 33 அடி. அங்கிள் வீட்டு வாசலிலிருந்து 33 அடி அளந்தால் ரோட்டைத் தாண்டி ஆப்பேக்கின் போர்ச்சில் போய் முடிகிறது. ஆக, தீபாவளி இரவு அங்கிளின் மொத்தக் குடும்பமும் பாதுகாப்பு கருதி ஆப்பேக் வீட்டில்தான் நிற்கும். சீனப் பெருநாளுக்கு ஆப்பேக் குடும்பம் இங்கே. செக்‌ஷன் நாலை எடுத்துக்கொண்டு யார் யார்மேல் புகார் கொடுப்பது?

அங்கிளின் மாப்பிள்ளை சிங்கப்பூர்க்காரர். அங்கே 1972-லேயே பட்டாசை அடியோடு தடுத்துவிட்டார்கள். சட்டம் போடுவதோடு விட்டுவிடாமல் அமலும் செய்கிறார்கள். உட்லண்ட்ஸில் சிகரெட் துண்டைப் போடக்கூட நாலு பக்கம் பார்க்கிற அந்தப் பிள்ளை, பாலத்தைத் தாண்டி மலாக்காவுக்கு வந்தால் இரண்டு கையிலும் ராக்கெட்டோடு நிற்பார். "ஐம்பது வருஷத்துக் குறை மாமா" என்பார்.

திருச்சிப் பக்கத்து உறவு போனில் கூப்பிட்டு அங்குள்ள நிலைமையைச் சொல்லும். 2018-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டே மணி நேரம் என்று சொல்ல, தமிழ்நாடு அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. அங்கிளுக்கு இது சிரிப்பு. "கடிகாரத்தைப் பாத்து வெடிக்கணுமாம்! நம்ம ஊர்ல அந்தத் தொல்லை இல்ல. எந்த நேரமும் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எந்த நேரம்னா என்ன?"

போலீஸ் வராமல் இல்லை, வரும். தீபாவளி இரவு பத்தரை, பதினோரு மணிக்கு ரோந்து கார் லோரோங் முனையில் நீல விளக்கைச் சுழற்றிக்கொண்டு திரும்பும். அதற்கு முன்பே முனைவீட்டுப் பையன் விசில் அடித்திருப்பான். அடுத்த கணம் லோரோங்கே குடும்பப் புகைப்படத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கும். எல்லாருடைய கையும் முதுகுக்குப் பின்னால். ரோடெல்லாம் சிவப்புக் காகிதம், முழங்கால் உயரத்துக்குப் புகை.

"சியாப்பா மாயின்?" என்பார் இறங்கி வரும் போலீஸ்காரர், யார் விளையாடியது என்று.

"புடாக்-புடாக், துவான்" என்பார் அங்கிள். சின்னப் பசங்கள். சொல்லிவிட்டு அதோடு நிற்கமாட்டார். பசங்களுக்கு ஆக்டா தெரியவில்லை, செக்‌ஷன் நாலு தெரியவில்லை, தான் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை என்று மலாயில் ஒரு வகுப்பே எடுப்பார். கைலி மடிப்பில் லைட்டர் இருக்கும். போலீஸ்காரருக்கும் தெரியும். ஆனால் அவர் என்ன செய்வார், பாவம்? சத்தத்தைப் பிடித்து விலங்கு மாட்ட முடியாது. புகையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக முடியாது. பற்றவைத்த கை வேண்டும், கையில் சாமான் வேண்டும். நாலைந்து தாமானுக்கு இருப்பதோ ஒரு கார். ஆண்டி ஒரு தட்டு முறுக்கோடு வந்து, "மாக்கான் டுலு, துவான்" என்று உபசரிப்பார். டியூட்டியில் இருப்பதாகச் சொல்லி அவர் ஒரே ஒரு முறுக்கை மட்டும் மரியாதைக்கு எடுத்துக்கொண்டு, "சுடா, சுடா, ஜாங்கான் மாயின் லாகி" என்பார். போதும், இனி விளையாடாதீர்கள். கார் லோரோங் முனையைத் தாண்டுமுன் மாப்பிள்ளையின் ராக்கெட் மேலே போயிருக்கும். பிரேக் விளக்கு ஒரு தடவை எரியும், அணையும், கார் போய்விடும்.

பண்டிகைக்கு முன்னால் போலீஸ் நிஜமாகவே கிடங்குகளில் சோதனை நடத்தும். பிடிபட்ட பெட்டிகளை மேசையில் மலையாக அடுக்கி, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கும் படம் பத்திரிகையில் வரும். அங்கிள் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். சட்டம் வென்றதற்கான மகிழ்ச்சி என்றுதான் நான் முதலில் நினைத்தேன். "மூணாவது வரிசையில பாரு, நூறு ஷாட்டு. போன வருஷம் தேடித் தேடிக் கிடைக்கல" என்றார்.

புகார் கொடுக்க வேண்டுமென்றால் பண்டிகையே இல்லாத ஒரு வீடு வேண்டும். எங்கள் தாமானில் அப்படி ஒரு வீடு தேடினேன். கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று உண்டு. டிசம்பர் 24 நள்ளிரவில் அவர்கள் பங்குக்கு நாலு வாணம் விடுவார்கள். மறுமுனை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கும் நேப்பாளத் தொழிலாளர்கள் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்க வேண்டியவர்கள், நியாயமாக அவர்கள்தான் கொடுக்க வேண்டும். ஆனால் நமக்குத் தீபாவளி வரும்போது அவர்களுக்குத் திகார் பண்டிகை. அதில் ஒரு நாள் நாய்க்கென்றே ஒதுக்கியது. நரக சதுர்த்தசியில் நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, அவர்கள் தெரு நாய்க்கு மாலை போட்டுத் திலகம் வைத்துச் சோறு போடுவார்கள். மாலை வாங்கிக்கொண்ட அதே கறுப்பு நாய் அன்றிரவு அங்கிளின் மைவிக்கு அடியில் உடம்பைச் சுருட்டிக் கிடக்கும், சாமந்தி இன்னும் கழுத்தில். தாமானில் உண்மையான புகார்தாரர் அதுதான். அதற்கும் அங்கிள்தான் போய்க் குனிந்து தடவிக்கொடுத்து, "சீக்கிரம் முடிஞ்சிரும்டா" என்று சொல்லிவிட்டு வந்து அடுத்ததைக் கொளுத்துவார்.

போன தீபாவளிக்கு மறுவாரம், விலை இறங்கியிருக்கும் என்று அடுத்த ஆண்டுக்கு இப்போதே பிடித்துப்போடப் போனார். துணைக்கு நானும். கார் பின்கதவு ஒரு சாண் திறந்தது. பையன் நூத்தறுபது என்றான்.

"தம்பி, இதைக் கையில வச்சிருந்தா எனக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? செக்‌ஷன் நாலு, சப்-செக்‌ஷன் ரெண்டு. அஞ்சு வருஷம், பத்தாயிரம் வெள்ளி. இந்த வயசுல இவ்வளவு ரிஸ்க் எடுக்கிறேன், ஒரு பத்து வெள்ளி குறைக்க மாட்டியா?"

பையன் பெட்டியை மைலோ அட்டைக்குள் இறக்கிக்கொண்டே சொன்னான்: "அங்கிள், அதே செக்‌ஷன்தான் எனக்கும். அதான் பத்து வெள்ளி கூட."