வேட்டைக்குப் போகாத ரைபிள்

பெரிய வீட்டுப் பீரோவில் ஒரு .315 ரைபிள் கிடக்கிறது. மேற்கு வங்கத்து இச்சாபூர் அரசுத் தொழிற்சாலைச் சரக்கு. கட்டை வெடித்திருக்கிறது, போல்ட்டை இழுத்தால் எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் மாதிரி முனகும். பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா என்று அண்ணன் தம்பிகள் கூடிப் பேசுகிறார்கள்.

வாங்கி எதைச் சுடுவது என்று யாரும் கேட்கவில்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயலைத் தொட்டாலே கம்பி எண்ண வேண்டும். ரைபிள் வாசற்படி தாண்டுவது தேர்தல் வந்தால்தான். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ஓட்டு எண்ணி முடிந்ததும் ரசீதை நீட்டி மீட்டு வருவார்கள்.

மூத்தவர் கட்சி, பழுது பார்ப்பது. அதற்கும் லைசென்ஸ் உள்ள ஆள்தான் வேண்டும். ஊர் ஆசாரி கை வைத்தால் அவர் மேலும் கேஸ். இளையவருக்குப் புதுசு. ஆனால் 2019 திருத்தப்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. தாத்தாவின் இரட்டைக்குழலும் ஏற்கெனவே கணக்கில் நிற்கிறது. ரைபிளின் குழல் தேய்ந்துவிட்டதாம், இளையவர் சொல்கிறார். ஆயிரக்கணக்கில் சுட்டால்தானே குழல் தேயும்! இங்கே தேய்ந்ததெல்லாம் ஆயுத பூஜைச் சந்தனம்.

கடைசியில் புது உறை தைப்பதென்று முடிவாகியிருக்கிறது. ஸ்டேஷனில் நாலு பேர் பார்ப்பார்களே!