எம்.டி. சார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூரில் எந்த டயர் கடைக்குப் போனாலும் இந்த மனிதரைப் பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கணுக்காலுக்கு மேல் ஏறிய பூட்ஸ், ஆறு பாக்கெட் வைத்த பேன்ட். மற்ற ஐந்தில் என்ன இருக்கிறதோ, ஒன்றில் காற்று பார்க்கிற கேஜ் கட்டாயம் உண்டு. ஸ்டூல் எடுத்துப் போட்டால் உட்கார மாட்டார். டயருக்கு முன்னால் குந்தி, பட்டன்களுக்கு நடுவே ஆள்காட்டி விரலை விட்டுத் துழாவி, “ம்ம்” என்பார். அந்த ‘ம்ம்’முக்கு என்ன பொருள் என்று கடைக்காரருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கடைப் பையன்கள் அவரை எம்.டி. சார் என்கிறார்கள். தன்னை ஏதோ கம்பெனிக்கு எம்.டி. என்று நினைத்துவிட்டார்கள் போல என்று அவரும் திருத்தாமல் விட்டுவிட்டார். டயர் கடையில் எம்.டி. என்றால் மட் டெரெய்ன், அதாவது சேற்று டயர்.

சேறு எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. வீடு சின்னியம்பாளையம். வேலை உப்பிலிபாளையம் பக்கம், ஒரு நூல் மில்லின் தலைமை ஆபீசில், கணக்குப் பிரிவில். முன்பாவது அவினாசி ரோட்டில் நாலு குழி இருந்தது, இறங்கி ஏறினால் மனசுக்கு ஒரு ஆறுதல். 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தைத் திறந்து அதையும் கெடுத்துவிட்டார்கள். கோல்டுவின்ஸில் ஏறினால் 10.1 கிலோமீட்டர் பாலத்தை முடித்து உப்பிலிபாளையத்தில் இறங்கலாம். பாறை ஏறவென்று செய்த டயர், தரையையே தொடாமல் கணக்கு எழுதப் போய்வருகிறது.

மஹிந்திரா தார் வாங்கியபோது கம்பெனி போட்டுக் கொடுத்தது 255/65 ஆர்18 அளவில் ஏ.டி. டயர். தாருக்கும் ஓடும், மண்ணுக்கும் ஓடும் என்கிற நடுவாந்திரச் சாதி. ஊரில் ஓடுகிற முக்கால்வாசி ஜீப்புக்கு அது போதும். என்னைக் கேட்டால் அதுகூட அதிகம். எச்.டி. என்று நெடுஞ்சாலைக்கென்றே ஒரு வகை இருக்கிறது, சத்தம் போடாது, மழையில் நன்றாக நிற்கும். ஆனால் அதை வாங்குவதற்கு ஆறு பாக்கெட் பேன்ட் எதற்கு?

“எத்தன பர்சென்ட் மண்ணுல ஓடுங்கண்ணா?” என்று கடைக்காரர் முறைப்படி கேட்டார்.

“எண்பது போட்டுக்கோங்க.”

எண்பது எங்கிருந்து வந்தது என்றால், அன்னூர் பக்கம் மாமனாரின் தென்னந்தோப்புக்கு ஒரு வண்டித்தடம் போகிறது. நல்ல மழைக்கு ஒருநாள் அங்கே போனார். எதிரே மாமனார் டிவிஎஸ் எக்ஸ்எல்லில், முன்னால் ஒரு மூட்டை தேங்காயோடு வந்தவர், நிறுத்தி, “மாப்ள, உள்ள சேறா கெடக்குது, வண்டிய எறக்கிப்போடாதீங்க. இதுல பின்னால ஏறிக்குங்க” என்றார். ஏறிக்கொண்டார். எக்ஸ்எல் இரண்டு தரம் வாலை ஆட்டிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டது.

டயர் தேர்ந்தெடுத்த காலம் அவர் வாழ்க்கையின் பொற்காலம். டயர் பக்கவாட்டில் இருக்கும் எழுத்து, எண் அத்தனையும் அப்போது பாடமாகிவிட்டது. 255 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் இத்தனை சதவீதம், 18 என்பது ரிம்மின் அங்குலம். 112 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். நாலு டயருக்கும் பெருக்கி 4,480 கிலோ என்று கணக்குப் போட்டு வீட்டில் சொன்னார். வீட்டிலிருப்பது மூன்று பேர். பக்கத்தில் க்யூ என்று இருந்தால் 160 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று பொருள். பீளமேட்டு சிக்னலில் அதற்கு வாய்ப்பு வரும் என்று எதிர்பார்க்கிறார்.

முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் பிறந்த டயர். இதைத் தெரிந்துகொண்டது முதல் கல்யாண மண்டபங்களில் அவரைப் பந்தியில் தேட வேண்டியதில்லை. பார்க்கிங்கில் குந்தியிருப்பார். பெண்ணின் சித்தப்பாவைக் கைதொட்டு நிறுத்தி, “உங்க டயருக்கு எட்டு வயசு முடிஞ்சுதுங்க, ஓட்டாதீங்க” என்பார். நல்ல வார்த்தைதான், முகூர்த்த நேரத்தில் சொல்கிறார்.

கடைசியில் வாங்கியது, மலையும் அதன்மேல் பனித்துகளும் பொறித்த முத்திரை போட்ட டயர். கடும் பனியிலும் ஓடும் என்று சோதித்துக் கொடுக்கிற முத்திரை அது. சூலூரில் பனி கொட்டுகிற அன்றைக்கு இவர் ஒருவர்தான் பால் வாங்கப் போவார். பெயர் வெள்ளை எழுத்தில் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படிதான் மாட்ட வேண்டும் என்று நின்று பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக ஒவ்வோர் எழுத்தாகத் தேய்க்கிறார். சேற்று டயரில் சேறு பட்டால் அவருக்குத் தாங்காது.

மாட்டிய பிறகு வீட்டில் தெரிந்தது சத்தம். அறுபதைத் தொட்டால் ஒரு ‘உய்ய்ய்’. “ஏங்க, பின்னால லாரி வருது, வழி விடுங்க” என்று மனைவி ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் கனத்தது, மைலேஜ் இறங்கியது. பெரிய பெரிய பட்டனும் அகலமான இடைவெளியும் சேற்றை உதறித் தள்ளத்தான். நனைந்த தார் ரோட்டைப் பிடிக்கிற மெல்லிய கீறல்கள் அதில் குறைவு. மழையில் பிரேக் அடித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துத்தான் நிற்கும். இதையெல்லாம் அவரிடம் சொன்னால், “பழகிக்கணும்ங்க” என்பார். டயர் நம்மிடம் பழகாதா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு தரம் மலைக்குப் போனார்கள், கொழுக்குமலைக்கு. தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் மேலே ஏற முடியும். கல்லும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்த வழியில் விடியற்காலை இருட்டில் ஆட்களை ஏற்றிப்போவது உள்ளூர் ஜீப்புகள். எம்.டி. சாரின் தார் கீழே நின்றுகொண்டது. ஜீப் டிரைவர் புறப்படும் முன் அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்து, “ஒண்ணு என்ன வெலண்ணே?” என்றார். விலை கேட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. தன் ஜீப்பின் ரீட்ரெட் டயரைக் காலால் ஒரு தட்டு தட்டி, “இதுல பட்டன் இருக்கு, காத்து இருக்கு. ஏறுங்க, சூரியன் வந்துரும்” என்றார்.

இவ்வளவு பேரும் புகழுமாக இருந்த டயரில் ஒருநாள் எலுமிச்சம்பழ அளவுக்குப் பக்கச்சுவர் வீங்கியிருந்தது. ரேடியல் டயரின் பக்கச்சுவருக்குள் நூல் இழைகள் ஓடுகின்றன. டயர் எதிலாவது ஓங்கி மோதும்போது ரிம்முக்கும் அதற்கும் நடுவே சுவர் நசுங்கி உள்ளே இழை அறுந்தால், அந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மட் டெரெய்ன் பக்கச்சுவர் கனமானதுதான், அதற்காக அறுக்கவே முடியாதது இல்லை. எம்.டி. சார் ஒரே பார்வையில் தீர்ப்பு எழுதிவிட்டார்: “மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட்.”

க்ளெய்ம் போட வேண்டும். கடைக்காரர் பில் கேட்டார், டயர் நம்பரைப் போட்டோ எடுத்தார், ஓடிய கிலோமீட்டர் குறித்தார். பிறகு வந்தது ஒரு கட்டம்: வண்டி ஓடும் இடம்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “சிட்டி ரோடுன்னு போட்டுருங்கண்ணா. நெசமும் அதுதானுங்களே” என்றார்.

எம்.டி. சார் பேனாவோடு தலை நிமிர்ந்தார். பையன்கள் மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடையில்தான் எண்பது பர்சென்ட் என்று சொன்னார், இங்கேதான் பதினெட்டு பிஎஸ்ஐக்குக் காற்றை இறக்கி மணலில் ஓட்டுவது எப்படி என்று வகுப்பெடுத்தார். உண்மையைச் சொன்னால் டயர் கிடைக்கலாம், ஆனால் அதன் பிறகு பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்கே போவது? குனிந்து அழுத்தமாக எழுதினார்: ‘எல்லா வகைக் கரடுமுரடான நிலப்பரப்பும்.’ கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் கம்பெனி இன்ஜினியர் வந்தார், சின்னப் பையன். இவர்கள் டயரைப் பார்ப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரிதான். நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று கம்மி, ஒரு பக்கம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அலை அலையாக இருந்தால் ஷாக் அப்சார்பர். டயரைக் கழற்றி உட்பக்கம் கையை விட்டுப் பார்ப்பார்கள். காற்றில்லாமல் ஓட்டியிருந்தால் ரப்பர் தூள் கையில் ஒட்டும். இந்தப் பையன் அதற்கெல்லாம் போகவே இல்லை. வீக்கத்துக்கு இரண்டு விரல் தள்ளி நகத்தால் லேசாகச் சுரண்டி, வெளிச்சத்தில் காட்டினார். மஞ்சள்.

“சார், எந்தக் காட்டுல பாறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கிறாங்க?”

ரேஸ்கோர்ஸில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது, பார்க்கிங் கிடைக்காமல் நடைமேடைக் கல் மேல் ஏற்றிய கதை மனைவிக்கு மட்டும் தெரியும். எம்.டி. சார் அசரவில்லை. “வால்பாறை ரோட்டுல நாப்பது கொண்டை ஊசி இருக்குதுங்க. ஏதாவது ஒரு சுவத்துல பட்டிருக்கும்.”

வெளித்தாக்கு, உற்பத்திக் குறை இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இந்த இடத்தில் நான் அவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். விளம்பரத்தில் வண்டி பாறை மேல் ஒற்றைக்காலில் நிற்கிறது. பெட்டியளவு எழுத்தில் தைரியம் எழுதியிருக்கிறது. வாரன்ட்டி அட்டையின் பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், வெட்டு, மோதல், பஞ்சர் எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல என்றிருக்கும். கரடுமுரடான இடத்தில் ஓட்டினாலும் இல்லை என்று சேர்த்துப் போட்டவர்களும் உண்டு. சரி, குறை அவர்களுடையது என்று ஒத்துக்கொண்டாலும் புது டயர் சும்மா வராது. மிச்சமிருக்கும் பட்டனை மில்லிமீட்டரில் அளந்து, அந்த விகிதத்துக்கு விலையில் கழிப்பார்கள். மிச்சத்தை நாம் போட வேண்டும்.

எம்.டி. சார் நுகர்வோர் ஆணையத்துக்குக் கிளம்பினார். 2019-ஆம் வருடச் சட்டத்தைப் படித்தார், ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே கிடையாது என்று கண்டுபிடித்து ஆபீசில் எல்லோருக்கும் சொன்னார், 1915-க்குப் போன் போட்டார். மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் என்று மனுவில் எழுதினார். வக்கீலாக இருக்கும் மச்சினர் முழுவதையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மாமா, வண்டி எங்க ஓடுச்சுன்னு கேப்பாங்களே, என்ன சொல்லட்டும்?” மனு அந்தப் பேன்ட்டின் மூன்றாவது பாக்கெட்டுக்குள் போனது.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு டயரை மட்டும் புதிதாக மாட்டக் கூடாது, சுற்றளவு மாறினால் கியருக்கு ஆகாது. ஜோடியாகவாவது மாற்ற வேண்டும். ஜோடி என்று ஆரம்பித்துக் கடைக்காரர் புது மாடல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார், பட்டன் இன்னும் பெரியது. நாலும் மாற்றியாயிற்று. மிச்சமிருந்த மூன்று பழைய டயரை விற்க அவரே விளம்பரம் எழுதிப் போட்டார்: ‘புதுசு மாதிரி. காட்டுப்பக்கம் போனதே இல்லை. ஆபீஸ், வீடு மட்டும்.’

அன்று ராத்திரியே ஒரு பையன் கூப்பிட்டான்.

“அண்ணா, நெசமாவே ரோட்டுல மட்டும்தான் ஓடுச்சுங்களா?”

“சத்தியமா தம்பி. மண்ணே பட்டதில்ல.”

“அப்பச் சரிங்கண்ணா. எனக்கு ஃபுல்லா ஆஃப்ரோடு போறதுக்குத்தான்.”

“எங்க இருக்கீங்க?”

“டைடல் பார்க்லீங்கண்ணா.”