சிங்காவுக்குக் கிடைத்த ஓய்வு

பெறுநர்: மனிதவள அமைச்சு, சிங்கப்பூர்
பொருள்: சிரிப்பவர்களின் வேலைநேரம்

மதிப்பிற்குரிய அமைச்சுக்கு,

சிங்கா என்ற சிங்கத்தைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1979-ல் தொடங்கிய மரியாதைப் பிரசாரத்தின் சின்னமாக 1982-ல் வேலையில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளாகச் சுவரொட்டியிலும் தொலைக்காட்சியிலும் விடாமல் சிரித்தது. 2013 மே மாதம் நாட்டு மக்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு ராஜினாமா செய்தது. காரணம் களைப்பு. சிடுசிடுப்பு கூடிக்கொண்டே போகும் ஊரைப் பார்த்துச் சிரிக்க இனித் தெம்பில்லை என்பதே அக்கடிதத்தின் சாரம். அது பிரசார உத்தி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சீருடை மாட்டிக்கொண்டு சிரிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அன்று அந்தச் சிங்கத்தின்மேல் கொஞ்சம் பொறாமைப்பட்டிருந்தால் அது நியாயமே. சிங்காவுக்கு பெர்மிட் கிடையாது, லெவி கிடையாது, ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டவேண்டிய கடன் கிடையாது. வேலையை விட்டால் விமானம் ஏறவேண்டிய நிலையும் இல்லை. சிராங்கூன் ரோட்டில் தோசை சுடுபவரின் அனுமதி அட்டை ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. களைப்பு என்ற காரணத்தை எழுதிக்கொடுக்க அவருக்குத் திறந்த கடிதமும் இல்லை, திறந்த கதவும் இல்லை.

மனநலத்தில் அமைச்சுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020 நவம்பரில் வேலையிட மனநலம் குறித்து முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு வந்தது. மறு ஆண்டே, நிறுவனங்கள் விரும்பினால் தம் ஊழியர்களின் மனஅழுத்தத்தை இலவசமாக அளந்துகொள்ள ஐவொர்க்ஹெல்த் என்ற கருவி வந்தது. 2023 அக்டோபரில் தேசிய மனநல உத்தி. 2025-ல் 1771 என்ற 24 மணிநேர உதவி எண். போதாதென்று 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை ஊழியர் முறைப்படி கேட்கலாம், முதலாளி அதை முறைப்படி பரிசீலிக்க வேண்டும். புரோட்டா மாஸ்டர் ஒருவர் வீட்டிலிருந்தபடி புரோட்டா வீச முறைப்படி விண்ணப்பித்தால் அது எப்படிப் பரிசீலிக்கப்படும் என்று அறிய ஆவல். வேலைநேரம் முடிந்தபின் ஊழியருக்கு மின்னஞ்சல் அனுப்பித் தொந்தரவு செய்வது பற்றியும் 2020 குறிப்பு கவலைப்படுகிறது. மின்னஞ்சல் எல்லாம் வேண்டாம். வேலைநேரம் முடிகிற நேரம் ஒன்று இருந்தாலே போதும் என்கிற ஆட்கள் தேக்காவிலும் மரினா பேயிலும் உண்டு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உணவகத்திலும் ஹோட்டலிலும் மனநலம் என்பது ஷிப்ட் அட்டவணைச் சங்கதி. அதைத் தாங்கள் மனத்துக்குள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 44 மணிநேரம் வேலை. மாதத்துக்கு 72 மணிநேரம் வரை ஓடி எனப்படும் மிகைநேர வேலை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் முதலாளி விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். விலக்கே கேட்காத நல்ல முதலாளியிடம்கூட வாரத்துக்குச் சுமார் 60 மணிநேரம் சட்டப்படியே வேலை வாங்கலாம் என்று கணக்கு வருகிறது. வாரம் 55 மணிநேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021-ல் சொல்லிவிட்டன. இது உடம்பின் கணக்கு. மனத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. உடம்பே தாங்காத இடத்தில் மனம் மட்டும் மூச்சுப்பயிற்சி செய்து தேறிவிடும் என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். வார ஓய்வு நாளுக்கும் சட்டம் உண்டு: வாரத்துக்கு ஒன்று. ஆனால் இரண்டு ஓய்வு நாள்களுக்கு நடுவே 12 நாள் வரை இடைவெளி விடலாம். இந்த வாரத்தின் முதல் நாள் ஆஃப், அடுத்த வாரத்தின் கடைசி நாள் ஆஃப். நடுவில் ஒருவன் பன்னிரண்டு நாள் நின்றுகொண்டே இருந்தாலும் சட்டம் உட்கார்ந்துகொண்டிருக்கும். இந்தப் பாதுகாப்பும் எல்லாருக்கும் இல்லை. உடலுழைப்புத் தொழிலாளி என்றால் மாதச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்றவர் என்றால் 2019 ஏப்ரலில் வைத்த 2,600 வெள்ளி வரை. பரிமாறுபவரைக் கேப்டன் ஆக்கி, சம்பளத்தைக் கோட்டுக்கு ஒரு வெள்ளி மேலே தூக்கிவிட்டால், பதவி உயர்வோடு ஓடியும் உயரே பறந்துவிடும்.

லிட்டில் இந்தியாவில் இந்த அட்டவணைக்கு ஒரு தனி வடிவம் இருக்கிறது. காலை பத்து முதல் மூன்று, மாலை ஆறு முதல் பதினொன்று என்று நாளை இரண்டாகப் பிளக்கும் ஷிப்ட். தாளில் பத்து மணிநேரம்; வாழ்க்கையில் பதின்மூன்று. நடுவிலுள்ள மூன்று மணிநேரம் ஓய்வு என்பதால் வேலைநேரத்தில் சேராது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இடம்பிடித்துத் தூர வட்டாரத்தில் தங்கியிருப்பவர் அந்த இடைவெளியில் எங்கே போவார்? கட்டுமானத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை. அவர் பேருந்து பிடித்துத் தேக்காவுக்கு வருகிறார், கூட்டாளிகளைப் பார்க்கிறார், வாழையிலையில் சாப்பிடுகிறார். அந்த இலையைப் போடுபவருக்கு ஞாயிறுதான் வாரத்தின் மோசமான நாள். ஒருவரின் ஓய்வை இன்னொருவர் தட்டில் வைத்துக் கொடுக்கிறார். தீபாவளி விளக்குகள் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் எரிகிற வாரங்களில் ஊருக்கே கொண்டாட்டம். உணவகத்தின் பின்கட்டில் அது உச்ச சீசன். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். விருந்தினர் முகம் வாடக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவலை பெரிது; பரிமாறுகிறவர் முகம் வாடுவது பற்றி அங்கே ஒன்றும் இல்லை. ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியத்தை அமைச்சு மட்டும் மீற வேண்டும் என்று கேட்பது அதிகப்படிதான்.

சிரிப்பும் ஓர் உழைப்பு என்பதை 1983-லேயே அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்டு எழுதிவிட்டார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகை என்பது விற்கப்படும் சரக்கின் ஒரு பகுதி, அதைத் தயாரிக்க ஆளுக்குள்ளிருந்தே மூலப்பொருள் எடுக்கப்படுகிறது என்று காட்டினார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நடிப்பதும் சோர்வும் சேர்ந்தே வருகின்றன என்று பின்வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2024-ல் 1 கோடியே 65 லட்சம் பயணிகள் சிங்கப்பூருக்கு வந்தார்கள். 2,980 கோடி வெள்ளி வருவாய். அத்தனை பேருக்கும் யாரோ சிரித்திருக்கிறார்கள். இதற்குப் பட்டறையும் தியானச் செயலியும் மருந்தாகுமா? ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் தகவலைப் பார்த்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இல்லை என்று கண்டார். தொண்டூழியம் மட்டும் விதிவிலக்கு. உதவி எண் வேண்டாம் என்பது என் வாதமல்ல. இரவு பன்னிரண்டுக்கு யாரிடமாவது பேசத் தோன்றுகிறவருக்கு 1771 பெரிய துணை. ஆனால் கூரை ஒழுகுகிற வீட்டில் துண்டு கொடுப்பவர், கூரைமேல் ஏறுகிறவரைத் தடுக்கக்கூடாது.

எனவே ஓர் எளிய விண்ணப்பம். ஊழியர் மனத்தைத் தாங்கள் அளக்க வேண்டாம்; அது அவர் சொந்த விஷயம். அட்டவணையை அளந்தால் போதும். முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர் உணவு அமைப்பு உணவுக் கடைகளுக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டு வாசலில் மாட்டச் சொல்கிறது. குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே போகக்கூடாது, சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. கேட்டரிங் சாப்பாட்டில் சமைத்த நேரமும் சாப்பிட்டு முடிக்கவேண்டிய நேரமும் முத்திரை குத்தப்பட்டிருக்கும். கோழிக்கறி எத்தனை மணிநேரம் வெளியே நிற்கலாம் என்பதில் இவ்வளவு கறாராக இருக்கும் அரசு, அதைச் சமைத்தவர் எத்தனை மணிநேரம் நிற்கலாம் என்பதிலும் அதே கறாரைக் காட்டலாம். அந்தத் தர அட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று: இந்தக் கடையில் ஆஃப் நாள்களுக்கு நடுவே எத்தனை நாள், சராசரி வாரம் எத்தனை மணிநேரம், பிளந்த ஷிப்ட் உண்டா இல்லையா. வாடிக்கையாளர் மீன்தலைக் கறிக்கு ஆர்டர் கொடுக்குமுன் வாசித்துக்கொள்வார்.

மறுப்புகள் எனக்கும் தெரியும். வாடகை ஏறுகிறது, லாபம் மெலிகிறது, ஆள் கிடைப்பதில்லை என்பார்கள் முதலாளிகள். அதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையில் அமைச்சின் பங்கும் இருக்கிறது. இந்திய உணவகங்களுக்கு இந்தியச் சமையல்காரரை வொர்க் பெர்மிட்டில் எடுக்க 2023 செப்டம்பரில்தான் வழி திறந்தது. அதுவும் மாதம் 2,000 வெள்ளிக்குக் குறையாமல் சம்பளம், ஆள்பலத்தில் 8 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்ற வரம்போடு. ஆள் பற்றாக்குறையை இருக்கிற ஆளின் தூக்கத்திலிருந்து ஈடுகட்டினால், அவர் போனபின் அந்த இடமும் காலி. அடுத்த மறுப்பு, தொழிலாளர்களே ஓடி கேட்கிறார்கள் என்பது. கேட்கத்தான் செய்வார்கள், அடிப்படைச் சம்பளத்தில் கடன் அடையாதபோது ஒன்றரை மடங்கு ஊதியத்தை வேண்டாம் என்பவர் யார்? அது விருப்பம் அல்ல, கூட்டல் கழித்தல். பணம் எங்கிருந்து வரும் என்பது கடைசிக் கேள்வி. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில்லில் பத்து வெள்ளி சேவைக் கட்டணம் ஏறுகிறது. அந்தப் பத்து வெள்ளி சேவை செய்தவருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அதன்மீதும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. சேவைக்குக் கொடுத்த பணத்தில் அரசின் 90 காசு உறுதி. சர்வரின் பங்கு முதலாளியின் மனநலத்தைப் பொறுத்தது.

சிங்காவின் இடத்துக்கு எப்போதாவது ஆள் எடுப்பதாக இருந்தால் லிட்டில் இந்தியாவிலிருந்து விண்ணப்பங்கள் குவியும். சிரித்த அனுபவம் எல்லாருக்கும் உண்டு. நேர்காணலை மட்டும் மாலை மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே வையுங்கள்.

இப்படிக்கு,
பத்து விழுக்காட்டைத் தவறாமல் கட்டிவரும் வாடிக்கையாளன்