குல்லா போடாதவன்

"ஏறிக்குங்க சார், பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்."

இன்று விடிகாலை மணி ஐந்தேகால். போளூர் ஏரிக்கரையில் எனக்கு நாலாவது கிலோமீட்டர். மூச்சு அப்போதுதான் ஒரு தாளத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் டி.வி.எஸ். எக்ஸெல். அதன் மேல் இரண்டு பால் கேன்கள், இரண்டுக்கும் நடுவில் எனக்காக ஒரு சாண் இடம்.

"வேணாங்க, ஓடிட்டிருக்கேன்."

"அதான் தெரியுதே. எத்தனை மணி பஸ்ஸு?"

"பஸ்ஸுக்கு இல்லைங்க. சும்மா."

"சும்மாவா!" என்றவர் வண்டியை என் வேகத்துக்குக் குறைத்து அரை கிலோமீட்டர் கூடவே வந்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். கடைசியில் என் தலையைப் பார்த்து அதிர்ந்தார். "இன்னா சார், தலையில ஒண்ணுமே கட்டல? பனி எறங்கிடும் சார்!"

அவர் போய்விட்டார். தாளமும் போய்விட்டது.

மார்கழியில் ஒருநாள்கூட விடாமல் ஓடுவதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் பனி விவகாரத்தை ஒரு கை பார்த்துவிடலாம்.

பனி இறங்குவதில்லை ஐயா. மேகமில்லாத ராத்திரியில் புல்லும் தரையும் வண்டி சீட்டும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்து போகின்றன. அவற்றைத் தொடுகிற காற்றின் ஈரம் அங்கேயே தண்ணீராகிறது, அவ்வளவுதான். ஓடுகிறவன் மண்டையோ இட்லிப் பானை மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மேல் எது படியும்? இதை நான் அம்மாவிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். அம்மா பழமொழியால் அடிப்பாள்: "தைப் பனி தரையைப் பிளக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்." சரி, மச்சையே துளைக்கிற பனிக்கு நாற்பது ரூபாய் குல்லா எம்மாத்திரம்? இதற்கு இதுவரை பதில் இல்லை. காபியும் இல்லை.

ஜவ்வாது மலை மேல், அந்தப் பக்கம், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 1986 முதல் இருக்கிறது. வானம் தெளிந்த ராத்திரி என்றால் அங்கே விஞ்ஞானிகளுக்குக் கொண்டாட்டம், விடிய விடிய முழித்திருப்பார்கள். பனி கொட்டுவதும் அதே ராத்திரிகளில்தான். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன். "அவங்க குல்லா போட்டிருப்பாங்க" என்றாள் அம்மா.

குல்லா. குரங்குக் குல்லா. கார்த்திகை தீபம் முடிந்ததும் போளூரில் முகங்கள் மறைந்துவிடுகின்றன. டிரங்குப் பெட்டியிலிருந்து அந்துருண்டை வாசத்தோடு எழுந்து வருகிறது அது. மெரூன் ஒன்று, காப்பிக்கொட்டை நிறம் ஒன்று, மூன்றாவதாக ஒரு காலத்தில் ஏதோ நிறமாக இருந்தது ஒன்று. ஊரே கண்ணும் மூக்குமாகத் திரியும். யார் யாரென்று தெரியாது. போன வாரம் டீக்கடையில் ஒரு மெரூன் குல்லாவுக்கு ரொம்பப் பணிவாக வணக்கம் சொன்னேன், எங்கள் தலைமை எழுத்தர் என்று நினைத்து. அது எனக்கு எண்ணூறு ரூபாய் பாக்கி வைத்துவிட்டு எட்டு மாதமாகத் தலைமறைவாக இருக்கும் எலக்ட்ரீஷியன். நான் குல்லா போடாததால் அவருக்கு என்னை உடனே தெரிந்தது. பதில் வணக்கம் சொல்லிவிட்டு நிதானமாக டீ குடித்தார். குல்லாவோடு டீ குடிப்பது தனிக் கலை. தாடைப்பக்கம் ஒரு விரலால் இழுத்து, கிளாஸை உள்ளே விட்டு, உறிஞ்சி, விரலை விட வேண்டும். சடக்கென்று அது பழையபடி மூடிக்கொள்ளும். பீடிக்கும் இதே முறைதான், ஆனால் நெருப்பு உண்டு என்பதால் அனுபவம் வேண்டும். பேச்சோ கம்பளி வழியாக வருவதால் "எப்ப வந்தீங்க?" என்பது "ம்ப ம்ந்தீம்?" என்று கேட்கும். குல்லாவுக்குள் இருப்பவருக்கும் காது கேட்காது. ஆகவே மார்கழி முழுக்க இந்த ஊரில் யாரும் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் குல்லாவை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தெளிவாக, "பனி எறங்கிடும் சார்!"

கூடவே ஒரு பார்வை. எனக்குத் தமிழ் தெரியும். குல்லா போடுவது என்றால் ஏமாற்றுவது. போடாமல் இருப்பவன்தான் இங்கே சந்தேகத்துக்குரியவன்.

என் பயிற்சியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானில் அரை தூரத்துக்கு, அதாவது 21 கிலோமீட்டருக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பதினாறு வாரத் திட்டம். பிப்ரவரியிலிருந்து பதினாறு வாரம் பின்னால் எண்ணினால் சரியாக ஐப்பசியில் போய் நிற்கும். ஐப்பசியில் அடைமழை, புது ஷூவைப் பாழாக்க மனம் வரவில்லை. நடுவில் தீபாவளி, பலகாரத்தை வீணாக்கக் கூடாது. கார்த்திகையில் திருவண்ணாமலை கிரிவலம், 14 கிலோமீட்டர். அதை நீண்ட ஓட்டக் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஐந்து மணி நேரம் ஆனதும், சுண்டலுக்கு இரண்டு முறை நின்றதும் அந்த நோட்டில் இல்லை. மிச்சம் மார்கழிதான். அதையும் இவர்கள் விடுவதாக இல்லை.

நெடுந்தூரம் ஓட உலகமே தேடுவது குளிரைத்தான். 2019 அக்டோபரில் ஓட்டவீரர் கிப்சோகே வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்தாரே, குளிர்ச்சியான காலையாகப் பார்த்து, தேதியையே தள்ளிப்போடத் தயாராக வைத்துக்கொண்டு ஓடினார்கள். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக் ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டு உறைபனியில் பழகியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், போதாதென்று வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஓடிய மாரத்தான், மூன்றிலும் தங்கம். அவர் போளூரில் பிறந்திருந்தால் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு பத்து மணி வெயிலில் நடந்திருப்பார். டொராண்டோவில் இருக்கும் என் அத்தை மகன் மைனஸ் பதினைந்தில் ஓடிவிட்டு, புருவத்தில் ஐஸ் தொங்கப் படம் அனுப்புகிறான். அதே நேரம் என் கைபேசி காட்டுவது 19 டிகிரி. பிளஸ்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒருநாள் தோற்றேன். என் மனைவி தீபத்துக்குப் போனபோது கடைத்தெருவில் எனக்கென்று ஒரு குல்லா வாங்கி வந்திருந்தாள், பச்சை, உச்சியில் குஞ்சம். "ஒரு நாள் போட்டாத்தான் என்னங்க?" முந்தாநாள் போட்டேன். வீதிகளில் பூசணிப்பூ வைத்த கோலங்களைத் தாண்டித் தாண்டி, அத்திமூர் சாலையைப் பிடித்தேன். எதிரே மலை இன்னும் கறுப்பாக நின்றது. இரண்டாவது கிலோமீட்டரில் குல்லாவுக்குள் வெயில் காலம். மூன்றாவதில் கம்பளி நனைந்த ஆட்டுக்குட்டியாகிவிட்டது. கழுத்து வழியாக வேர்வை ஓடியது. திரும்பி வரும்போது காற்று அடிக்க, அந்த ஈரக் கம்பளி மண்டையில் ஐஸ் கட்டியாக உட்கார்ந்தது. பிளஸ் 19-இல் தலை விறைத்தது எனக்குத்தான். ஆனால் வழியில் ஒருவர்கூட என்னை நிறுத்தவில்லை, லிஃப்ட் தரவில்லை, சர்க்கரையை விசாரிக்கவில்லை. டீக்கடையில் இரண்டு குல்லாக்கள் எனக்கு வணக்கம்கூடச் சொன்னன. ஒன்று அந்த எலக்ட்ரீஷியனாக இருக்கலாம்.

நேற்று ராத்திரியிலிருந்து தும்மல். இதை எழுதத் தொடங்கியபின் பதினொன்று. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். பன்னிரண்டாவது கையை மீறிவிட்டது.

உள் அறையிலிருந்து அம்மா: "பனி."

"பனி இல்லம்மா. சளி வைரஸாலதான் வரும்."

"அது எது மேல வந்துது?"