பாலூவைத் துரத்துபவர்

லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களில் பாலூவைத் துரத்துபவர் தனி இனம். மற்றவர்கள் கணினியைத் திறந்தால் மின்னஞ்சல் பார்ப்பார்கள், கணக்கு எழுதுவார்கள், சினிமா பார்ப்பார்கள். இவர் கணினியைத் திறந்தால் கணினியைத்தான் பார்ப்பார். திரையின் ஓரத்தில், ப்ராசசர் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும் சின்ன வரைபடம் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தால் இவர் முகத்தில் ஒரு நிம்மதி. கொஞ்சம் தலை தூக்கினால் காப்பி ஆறிப்போகும்.

வயது, தொழில் என்று எந்த வரையறையும் கிடையாது. பொறியியல் கல்லூரி விடுதியிலும் இருப்பார், வங்கியில் ஓய்வு பெற்று வீட்டிலும் இருப்பார். அடையாளம் காண ஒரே வழி காதுதான். சமையலறையில் மிக்ஸி ஓடும், ஹாலில் சீரியல் அலறும், தலைக்கு மேல் சீலிங் ஃபேன் கடகடக்கும். இத்தனையையும் தாண்டி, மடியிலிருக்கும் லேப்டாப்பின் விசிறி ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவது இவருக்குக் கேட்டுவிடும். அதே காதில், கேஸ் சிலிண்டர்காரர் கீழே நின்று கூப்பிடுவது விழுந்ததாகச் சரித்திரமில்லை.

இவர் துரத்தும் பொருள் ஒரு இண்டெக்ஸர். பயனாளரின் ஹோம் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு வைக்கும் பின்னணி நிரல். பட்டியல் இருந்தால் தேடுபெட்டியில் நாலு எழுத்து அடிப்பதற்குள் கோப்பு வந்து நிற்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டும். முதல் தடவை பட்டியல் போடும்போதுதான் வேலை அதிகம். கோப்புகள் நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். அதன் பிறகு, எந்தக் கோப்பு மாறியது என்று லினக்ஸ் கெர்னலே ஐநோட்டிஃபை என்ற வசதி வழியாகச் சொல்லிவிடுவதால், மாறியதை மட்டும் படித்தால் போதும்.

கேடிஈ டெஸ்க்டாப்பில் இந்த வேலையைச் செய்வது பாலூ. கிப்ளிங்கின் ஜங்கிள் புக் கதையில் வரும் கரடியின் பெயர். க்னோம் டெஸ்க்டாப்பில் ட்ராக்கர் இருந்தது. 2024-இல் வெளியான க்னோம் 47 முதல் அதற்கு லோக்கல்சர்ச் என்று பெயர். பாலூவுக்கு முன்னால் கேடிஈயில் இருந்தது நெப்போமுக். 2008-இல் கேடிஈ 4-உடன் வந்தது; பின்னால் வர்ச்சுவோசோ என்ற பெரிய தரவுத்தளத்தை இழுத்துக்கொண்டு நடந்தது. அன்றைய கணினிகளில் அது நடந்ததைவிட மற்றவர்களை நடக்கவிடாமல் செய்ததுதான் அதிகம். 2014 ஏப்ரலில் வந்த 4.13 பதிப்பில் அதை மூட்டைகட்டிவிட்டுப் பாலூவைக் கொண்டுவந்தார்கள். பாலூவின் மேல் இவருக்குள்ள பகையில் பாதிக்கு மேல் நெப்போமுக்கிடமிருந்து கைமாறி வந்த பரம்பரைச் சொத்து. நெப்போமுக்கைக் கண்ணாலேயே பார்த்திராத இளைஞர்கள்கூட அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் காணலாம்.

விசிறிச் சத்தம் கேட்டதும் இவர் செய்யும் முதல் காரியம், டெர்மினலைத் திறந்து, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எச்டாப் போடுவது. பட்டியலின் உச்சியில் பாலூ ஃபைல் எக்ஸ்ட்ராக்டர் நிற்கும்; பக்கத்தில் நூறு சதவீதம். "பாத்தியா" என்பார், யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும். அதே வரியில் இன்னும் பயங்கரமான ஓர் எண் இருக்கும்: விர்ச்சுவல் மெமரி, 256 ஜிபி. எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் 256 ஜிபி! உடனே திரையைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவார். உண்மையில் அது தின்ற நினைவகம் அல்ல. பாலூ தன் பட்டியலை எல்எம்டிபி என்ற தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. அது வருங்காலத்துக்கும் சேர்த்து 256 ஜிபி அளவுக்கு முகவரிகளை மட்டும் முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்ளும். உண்மையான ராம் அதில் துளிதான். இதை நண்பர் ஒருவர் பொறுமையாக எழுதி அனுப்புவார். அந்தப் பதில் படிக்கப்பட்டதற்கு அடையாளமாக நீல டிக் வரும், அவ்வளவுதான்.

நூறு சதவீதத்துக்கும் ஒரு விளக்கம் உண்டு. பாலூ தன்னைத் தானே மிகக் கடைசி முன்னுரிமையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. கல்யாணப் பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகு உட்காரும் வீட்டுக்காரரைப் போல, வேறு எந்த நிரலுக்கும் ப்ராசசர் தேவைப்படாத நேரத்தில்தான் அது எடுத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் எழுந்து இடம் கொடுத்துவிடும். அதன் உழைப்பு நூறைத் தொடுவதற்குக் காரணம், அந்த நேரத்தில் இவர் வேறு எதுவும் செய்யாமல் எச்டாப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

சில சமயம் சோதனை செய்ய வேண்டும் என்று தோன்றி, சார்ஜரைப் பிடுங்குவார். விசிறி அடங்கிவிடும். மறுபடி செருகுவார். விசிறி எழும். இங்கிருந்து இவருடைய ஆராய்ச்சி வேறு பாதையில் போகும். சார்ஜர் போலியோ என்ற சந்தேகம், ப்ளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லையோ என்ற சந்தேகம், கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவது வரை நடக்கும். பேட்டரியில் ஓடும்போது கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிப்பதைப் பாலூ தானாகவே நிறுத்தி வைக்கும் என்பது அதன் நிலையைக் கேட்டால் ஒரே வரியில் தெரிந்துவிடும். நிலையைக் கேட்பது இவர் வழக்கமில்லை. தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் விசாரணை.

அடுத்த கட்டம் கொலை. கில் மைனஸ் நைன் என்ற கட்டளை, எந்த நிரலும் மறுக்க முடியாத மரண ஓலை. எக்ஸ்ட்ராக்டர் செத்துவிழும். இரண்டு நொடியில் வேறொரு எண்ணோடு திரும்ப வந்து நிற்கும். காரணம் எளிது. எக்ஸ்ட்ராக்டர் வெறும் வேலையாள். அதை அனுப்புகிற மேஸ்திரி பாலூ ஃபைல் என்ற இன்னொரு ப்ராசஸ். ஆள் செத்தால், ஏதோ கெட்டுப்போன கோப்பைத் திறந்துதான் செத்திருப்பான் என்று மேஸ்திரி நினைத்துக்கொள்ளும். கையிலிருந்த கோப்புக் கட்டைப் பாதியாக்கி இன்னொரு ஆளிடம் கொடுத்தனுப்பும். அவனும் செத்தால் அதிலும் பாதி. இப்படியே போய்க் கடைசியில் ஒரே ஒரு கோப்பு மிஞ்சும்போது, குற்றவாளி இதுதான் என்று அதன் மேல் முத்திரை குத்தி ஒதுக்கிவிடும். பாவம், அது ஏதோ பால் கணக்கோ பேரன் ஓவியமோ உள்ள அப்பாவிக் கோப்பாக இருக்கும். சுட்டது யார் என்று அந்தப் பதிவேட்டில் இருக்காது.

இந்தக் கட்டத்தில் வீட்டாருக்கும் விஷயம் எட்டும். நண்பரோடு ஃபோனில் இவர் பேசுவது ஹால்வரை கேட்கும்: "பாலூவ மூணு தடவ கொன்னுட்டேன்யா. மறுபடி வந்து நிக்கிறான். இன்னைக்கு நைட்டு வேரோட எடுத்துடறேன்." ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் கேட்பார்.

"மாப்பிள்ள யாரடி சொல்றாரு?"

"கம்ப்யூட்டரம்மா."

"கம்ப்யூட்டருக்கா பாலுன்னு பேரு வெச்சிருக்கு?"

"அதுக்குள்ள இருக்கறவனுக்கு."

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் மாமியார் தனியாகப் போவதில்லை.

கொலையில் பயனில்லை என்று தெரிந்ததும் இவர் சட்ட வழிக்கு வருவார். பாலூவை நிறுத்திவைக்கவும், பட்டியலை அடியோடு அழிக்கவும் முறையான கட்டளைகள் உண்டு. இரண்டையும் கற்றுக்கொள்வார். கற்றுக்கொண்டதுதான் வினை. இரவு ஒன்றரை மணிக்கு, ஏறக்குறைய முடிந்துபோயிருந்த பட்டியலை முழுவதும் அழிப்பார். "இப்ப சரியாயிருக்கும்" என்று உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி இயக்குவார். பாலூ முதல் கோப்பிலிருந்து ஆரம்பிக்கும். விசிறி எழும். மறுநாள் இரவும் அதே பூசை. தொடாமல் விட்டிருந்தால் முதல் ராத்திரியே முடிந்திருக்க வேண்டிய வேலை தீபாவளிக்கு ஆரம்பித்துப் பொங்கல்வரை நீளும். இந்த இனத்தின் கணினிகளில் முழுமையான பட்டியல் ஒன்று இருந்ததாகத் தகவல் இல்லை.

இன்னும் முற்றிய நிலையில், பாலூவின் நிரல் கோப்பிலிருந்தே இயங்கும் உரிமையைப் பறித்துவிடுவார். அடுத்த மென்பொருள் மேம்படுத்தலில் புதிய கோப்பு முழு உரிமையோடு வந்து உட்காரும். பிறகு பாலூவை நிறுவலிலிருந்தே நீக்கப் பார்ப்பார். பல டிஸ்ட்ரோக்களில் பாலூவை எடுத்தால் அதை நம்பியிருக்கும் கோப்பு மேலாளர் டால்ஃபினும், டெஸ்க்டாப்பின் பாதியும் சேர்ந்து போகும். எவையெவை போகும் என்று பொதி மேலாளர் நீண்ட பட்டியல் போட்டு, சம்மதமா என்று கேட்கும். வாழ்க்கையில் எந்த நிபந்தனையையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாதவர் இங்கும் 'ஒய்' அழுத்துவார். மறுநாள் காலை கறுப்புத் திரை. விசிறிச் சத்தம் இராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

க்னோம் பக்கத்து உறவினர் கொஞ்சம் நாகரிகமானவர். அவர், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் மாஸ்க் கட்டளையால் ட்ராக்கரின் சேவையை வெறும் சூன்யத்தோடு இணைத்துவிடுவார்; யார் கூப்பிட்டாலும் அது எழுந்திருக்காது. கொஞ்ச நாள் கழித்து கோப்பு மேலாளரில் தேடினால் ஏன் சரியாக வருவதில்லை என்று ஆச்சரியப்படுவார். மூத்த தலைமுறையில் இன்னொருவர் உண்டு; அவருடைய எதிரி அப்டேட்டிபி. லொக்கேட் கட்டளைக்காகக் கோப்புப் பெயர்களை மட்டும் திரட்டும் பழைய நிரல் அது. ரெட்ஹேட் கணினிகளில் அதிகாலை 4:02-க்கு ஓடும்படி வைத்திருந்தார்கள், யாரையும் தொந்தரவு செய்யாமலிருக்க. அந்நேரம் அணைந்து கிடந்த கணினியில், காலையில் அதை இயக்கிய சற்று நேரத்தில் அனாக்ரான் என்ற நிரல் அந்த வேலையை எடுத்து ஓட்டும். அதாவது மூத்தவர் காப்பியோடு வந்து உட்காரும் சரியான நேரத்தில்.

எப்போதும் இவர் பக்கம்தான் தவறு என்று சொல்வதும் நியாயமாகாது. பட்டர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் வெகுகாலம் ஒரு நிஜமான கோளாறு இருந்தது. கோப்புகளை அடையாளம் காணப் பாலூ வட்டின் எண்ணையும் சேர்த்துக் குறித்துவைத்தது. பட்டர்எஃப்எஸ்ஸில் அந்த எண் மறுதொடக்கத்தில் மாறக்கூடும். பழைய கோப்பெல்லாம் புதிதாகத் தெரியும், பாலூ மறுபடி படிக்கும், பட்டியல் வீங்கும். ஓபன்சூசேவும், 2020-இல் வந்த ஃபெடோரா 33-உம் இயல்பாகவே பட்டர்எஃப்எஸ் கொடுத்ததால் அழுதவர்கள் அநேகம். பிற்பாடு அது திருத்தப்பட்டது. ஐநோட்டிஃபை கண்காணிக்கும் ஃபோல்டர்களுக்கும் ஒரு பயனாளருக்கு 8,192 என்று நெடுநாள் உச்சவரம்பு இருந்தது; 2021-இல் வந்த 5.11 கெர்னலில் இருந்துதான் ராமின் அளவுக்கேற்ப அது உயர்ந்தது. நிரல் எழுதுபவரின் ப்ராஜெக்ட் ஃபோல்டர் ஒன்றே எண்ணற்ற சின்னக் கோப்புகளைச் சுமந்திருக்கும். இத்தகைய ஃபோல்டர்களை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது, எந்தக் கோப்பில் தடுக்கி நிற்கிறது என்று மானிட்டர் கட்டளையால் பார்ப்பது, தேவையில்லையென்றால் உள்ளடக்கத்தை விட்டுப் பெயர்களை மட்டும் திரட்டச் சொல்வது என்று மருந்துகள் எல்லாம் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடத்தில் முடியும் வேலையில் இவருக்கு நம்பிக்கை இல்லை.

இவருடைய வெற்றி முழுமையடைவது, மனைவி ஒரு நாள் "போன வருஷத்து வீட்டு வரி ரசீது எங்க?" என்று கேட்கும்போதுதான். ரசீது ஹோம் ஃபோல்டரில் எங்கோ இருக்கிறது. தேடுபெட்டி ஊமை. ஃபைண்ட், க்ரெப் என்ற இரண்டு பழங்காலக் கட்டளைகளை இவர் சேர்த்துக் கட்டி ஏவுவார். அவை எந்த முன்னுரிமைப் பணிவும் இல்லாமல் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் திறந்து திறந்து பார்க்கும். விசிறி இதுவரை எட்டாத வேகத்துக்குப் போகும். அந்தச் சத்தம் மட்டும் இவர் காதில் விழாது. இருபது நிமிடம் கழித்து விடை: எதுவும் கிடைக்கவில்லை. ரசீது பிடிஎஃப். அதனுள் எழுத்துகள் பெரும்பாலும் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். க்ரெப்புக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவன் பாலூ. இதற்குள் மனைவி தன் ஃபோனிலிருந்த பழைய எஸ்எம்எஸ்ஸிலிருந்து ரசீது எண்ணை எடுத்துக் கட்ட வேண்டியதைக் கட்டி முடித்திருப்பார்.

லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி இவரிடம் லேப்டாப்பைக் கொடுத்து வாங்கியவர்கள், வீட்டுக்கு வந்ததும் சிஸ்டம் செட்டிங்ஸில் கோப்புத் தேடல் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. அங்கே டிக் எடுக்கப்பட்டிருக்கும். அதைத் திரும்பப் போட்டு, சார்ஜரைச் செருகி, ராத்திரி முழுக்க லேப்டாப்பை அப்படியே விட்டுவிட வேண்டும். எச்டாப் திறக்கக் கூடாது.